கீனாய் ஆற்றில் ஜூன் மாதம்: சால்மனுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை

அலாஸ்காவில் கூப்பர் லேண்டிங் என்று ஒரு சின்ன ஊர். கீனாய் ஏரி முடிந்து கீனாய் ஆறு தொடங்குவது அங்கேதான். ஜூன் மாதத்தில் வழிகாட்டியோடு படகில் இறங்கி சால்மன் பிடிப்பதும், போகிற வழியில் கழுகு, கரடி என்று கண்ணில் படுவதைப் பார்த்துக்கொண்டே மிதப்பதும் நாலு வருடமாக எனக்குப் பழக்கம். ஒரு படம் போட்டால் போதும், கேள்விகள் வந்து குவியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இதில் இருப்பது மேல் கீனாய் மட்டும், அதாவது கீனாய் ஏரியிலிருந்து ஸ்கிலாக் ஏரி வரையுள்ள சுமார் 27 கிலோமீட்டர். அதற்குக் கீழே, கடல் வரைக்கும் உள்ள பகுதியின் சட்டம் வேறு, படகு வேறு, ஆட்களும் வேறு.

சீசன் தொடக்கம் என்றால் சரியாக எப்போது?

ஜூன் 11. மேல் கீனாயில் மே 2 முதல் ஜூன் 10 வரை யாரும் தூண்டில் போடக்கூடாது. அந்த நாட்களில் ரெயின்போ டிரவுட் மீன்கள் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும், அதற்காக ஆற்றையே மூடிவிடுகிறார்கள். 10ஆம் தேதி இரவு 12 அடித்ததும் திறப்பு. வானம் முழுசாக இருட்டாத வேளையில் ஆற்றோரம் வரிசையாக ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொர்க்கவாசல் திறப்புக்கு நிற்கிற மாதிரிதான். ஒருமுறை நானும் நின்றேன், இனிமேல் நிற்க மாட்டேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

என்னைக் கேட்டால் ஜூன் 15க்கும் 25க்கும் நடுவில் போங்கள். முதல் நாள் கூட்டம் கலைந்திருக்கும், மீனும் ஓரளவு வந்து சேர்ந்திருக்கும்.

அப்போது என்ன மீன் வரும்?

சாக்கை சால்மன். உள்ளூரில் ‘ரெட்’ என்பார்கள். இங்கே இது இரண்டு கூட்டமாக வருகிறது. முதல் கூட்டம் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவோடு முடியும். இரண்டாவது ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை ஓடும். முதல் கூட்டம் போய்ச் சேருகிற இடம், கீனாயில் வந்து விழுகிற ரஷ்யன் ரிவர் என்ற கிளை ஆற்றின் மேலே உள்ள ஏரிப்பக்கம்.

நம் ஊரில் புதுத்தண்ணீர் வந்ததும் கெளுத்தியும் கெண்டையும் வாய்க்காலில் எதிர்த்து ஏறும் அல்லவா, மடையில் கூடை வைத்துப் பிடித்தவர்களுக்குத் தெரியும். இதுவும் மீன் ஏறுவதுதான், ஆனால் தூரம் வேறு. சாக்கைக் குஞ்சு ஏரியில் ஒன்றிரண்டு வருடம் வளரும், கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும், பிறகு பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். வந்து முட்டையிட்டதும் செத்துப்போகும். மறுபடி கடலுக்குப் போவதே கிடையாது. ஜூனில் வருகிறபோது உடம்பு வெள்ளி மாதிரி பளபளக்கும். படங்களில் பார்க்கிற சிவப்பு உடம்பும் பச்சைத் தலையும் முட்டையிடும் சமயத்து வேஷம். சாப்பிட நல்லது வெள்ளி மீன்தான்.

கிங் சால்மன் பிடிக்கலாமா? கீனாய் என்றாலே அதுதானே?

கீனாய்க்குப் புகழ் வந்தது சால்மனிலேயே பெரிய வகையான இந்தக் கிங்கால்தான். 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் என்ற உள்ளூர்க்காரர் கீழ் கீனாயில் பிடித்த கிங்கின் எடை 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. தூண்டிலில் பிடித்த கிங் சால்மனில் இன்றுவரை அதுதான் உலக சாதனை. பாடம் செய்த அந்த மீன் சோல்டோட்னா ஊரில் இருக்கிறது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நிலைமை அப்படி இல்லை. கிங் எண்ணிக்கை விழுந்துவிட்டது. 2023இலும் 2024இலும் கீனாயில் கிங் பிடிப்பதை முழுக்க மூடினார்கள். கிங்கை மனதில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள்.

நம் கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்களே, அதுவா?

இல்லை. அது காலா மீன். உறவே கிடையாது.

வழிகாட்டி அவசியமா? சொந்தமாகப் போகக்கூடாதா?

போகலாம், சட்டம் தடுக்கவில்லை. கரையில் நின்று பிடிப்பதென்றால் வழிகாட்டி இல்லாமலே சமாளிக்கலாம். ஆனால் முதல் தடவை போகிறவர் படகில் போவதென்றால் ஆள் வைத்துக்கொள்வதே நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மேல் கீனாயில் மோட்டாரை ஓட்டக்கூடாது. துடுப்பும் நீரோட்டமும்தான். இரண்டு முனையும் மேலே வளைந்த டிரிஃப்ட் படகில் வழிகாட்டி நடுவில் உட்கார்ந்து, போகிற திசையைப் பார்த்தபடி, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பைப் பின்னுக்கு இழுப்பார். தள்ளுவதைவிட நிறுத்துவதுதான் அவருடைய வேலை. ஒரு பாறைக்குப் பின்னால் படகை அசையாமல் பிடித்து வைத்திருக்கிற அந்த ஐந்து நிமிடம் அவர் தோளைப் பாருங்கள், கொடுத்த காசு எங்கே போகிறது என்று புரியும்.

அரைநாள் பயணம் கூப்பர் லேண்டிங்கில் ஏறி, பள்ளத்தாக்குக்கு முன்னாலேயே இறங்கிவிடும். முழுநாள் என்றால் கீனாய் வனவிலங்குக் காப்பகத்துக்குள் புகுந்து, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருக்குகிற இடத்தைக் கடந்து, ஸ்கிலாக் ஏரியில் போய் விழும். காற்றடித்தால் அந்த ஏரி பொல்லாதது. வானிலை சரியில்லை, அரைநாளோடு முடித்துக்கொள்வோம் என்று வழிகாட்டி சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

தூண்டில் பிடித்ததே இல்லை. எனக்கு மீன் மாட்டுமா?

மாட்டும். குளத்தில் மண்புழு வைத்து மிதப்பு பார்த்துப் பழகியவர்தான் இங்கே அதிகம் திணறுவார், ஏனென்றால் பழகியதை முதலில் மறக்க வேண்டும்.

சாக்கை இரை கடிக்காது. கடலில் அது தின்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்கிற அளவிலான மிதவை உயிர்களை. ஆற்றுக்குள் வந்தபிறகு தின்பதையே விட்டுவிடும். மேல் கீனாயில் புழு, சினை என்று இரை வைக்கவும் அனுமதி இல்லை. அப்புறம் எப்படிப் பிடிப்பது? ஒற்றை முள்ளில் கொஞ்சம் முடி கட்டியிருக்கும், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை மேல்பக்கமாக எறிந்தால் ஈயம் அடிக்கல்லில் தட்டித் தட்டி உருண்டு கீழ்ப்பக்கம் போகும். அந்த ‘டிக், டிக், டிக்’ கம்பு வழியாகக் கைக்கு வரும். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியபடி எதிரே நீந்தி வருகிறது. நரம்பு அந்த வாய்க்குள் ஓடி, வெளியே இழுபட, முள் வாயோரம் மாட்டிக்கொள்ளும். தட்டல் சட்டென்று நின்றால் இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை கல்லாக இருக்கும்.

இது நேர்மையான மீன்பிடிப்பா என்று அங்கேயே வாதம் உண்டு. மீன் கடிக்கவில்லை, நாம்தான் மாட்டுகிறோம். எனக்கும் முதல் வருடம் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது: வாயில் மாட்டினால்தான் உங்கள் மீன். முதுகிலோ வாலிலோ வயிற்றிலோ மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். போன வருடம் பத்து நிமிடம் இழுத்துக் கைக்குக் கொண்டுவந்த மீனுக்கு முள் முதுகுத் துடுப்பில் இருந்தது. நான் பிடித்ததிலேயே பெரியது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் குறடை நீட்டினார்.

இன்னொன்று, புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. ஆற்றின் நடுவில்தான் மீன் இருக்கும் என்று இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்கிவிடுவார்கள். சாக்கை ஓட்டம் குறைந்த கரையோரமாக, சில சமயம் கரையிலிருந்து மூன்று நான்கு மீட்டருக்குள்தான் ஏறும். நீங்கள் நிற்கிற இடம் அதன் பாதை. முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

சாக்கை வராத நாளில் வழிகாட்டி டிரவுட்டுக்குத் தூண்டில் மாற்றித் தருவார். அது உண்மையிலேயே கடிக்கிற மீன். ஜூனில் சால்மன் குஞ்சுகள் கடலை நோக்கி இறங்கும்போது டிரவுட் அவற்றைத் துரத்தும். மேலே ஆலாப் பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே குஞ்சுக் கூட்டம், கீழே டிரவுட் என்று அர்த்தம். எங்கள் படகுக்காரர் தண்ணீரைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பார். பெரிய டிரவுட்டை வைத்துக்கொள்ள முடியாது, தண்ணீரிலிருந்து தூக்காமலே விட்டுவிடுவதுதான் வழக்கம்.

ரஷ்யன் ரிவர் சங்கமத்தில் ஒரே நெரிசலாமே?

ஆமாம், தோளோடு தோள். பக்கத்து ஆளின் நரம்பு உங்கள் காதோரம் பறக்கும். எல்லோரும் ஒரே தாளத்தில் எறிந்தால் பிரச்சினை இல்லை, ஒருவர் தாளம் தப்பினால் ஐந்து நரம்பு சிக்கும். யாருக்காவது மீன் மாட்டினால் ‘ஃபிஷ் ஆன்’ என்று கத்துவார், மற்றவர்கள் நரம்பைச் சுருட்டி வழிவிட வேண்டும். இது எழுதாத சட்டம், மீறினால் வசவு உண்டு.

கூட்டம் பிடிக்காவிட்டாலும் அங்குள்ள தோணியைப் பார்க்கவாவது போங்கள். கரைக்குக் கரை கம்பிவடம் கட்டி, எஞ்சின் இல்லாமல், நீரோட்டத்தின் தள்ளுதலிலேயே ஆட்களை அக்கரை சேர்க்கிறது. பக்கத்திலேயே டெனைனா பழங்குடி மக்களின் பழைய குடியிருப்புக் குழிகள் இருக்கின்றன. ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் காட்னு. அவர்களில் ஒரு பிரிவான கீனாய்ட்சே பழங்குடியினரே நடத்துகிற இடம் ஒன்று உண்டு, அதன் பெயருக்குக் காலடித் தடம் என்று பொருள். அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ரஷ்யர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதே சங்கமத்தில் இதே மீனைக் காயவைத்துச் சேமித்தவர்கள்.

இந்தச் சங்கமத்தின் ஒரு பகுதி சீசன் தொடக்கத்தில் மீன்களுக்கான புகலிடமாக மூடியிருக்கும். மேலே ஏரிமுகத்தில் தடுப்பு வைத்து ஏறுகிற மீனை எண்ணுகிறார்கள். போதுமானது ஏறிவிட்டது என்று மாநில மீன்வளத்துறைக்குத் தெரிந்தால் அந்தப் பகுதியையும் திறந்துவிடும். குறைவாக இருந்தால் திறந்ததையும் மூடும். அதனால் கிளம்புகிற அன்று காலையில்கூடத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

என்னென்ன விலங்கு பார்க்கலாம்?

ஆகஸ்ட்டில் மீன் அதிகம். பார்க்க அதிகம் கிடைப்பது ஜூனில் என்பது என் அனுபவம்.

வெண்தலைக் கழுகு கட்டாயம். உயரமான காட்டன்வுட் மரத்தில் சுள்ளிக் குவியல் மாதிரி கூடு இருக்கும், ஜூனில் குஞ்சு பொரித்திருக்கும். அவ்வளவு பெரிய பறவைக்குக் கீச்சுக் குரல், முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். கூப்பர் லேண்டிங்குக்கு மேலே மலைச்சரிவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் தொலைநோக்கியை எடுங்கள். டால் செம்மறி. சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னும் சின்னப் புள்ளி இருக்கும், அது குட்டி. வேகமான தண்ணீரில் ஹார்லெக்வின் வாத்து விளையாடும், ஆணின் முகத்தில் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். டிப்பர் என்று சாம்பல் நிறக் குருவி ஒன்று, கல்லின் மேல் நின்று உட்கார்ந்து எழுகிற மாதிரி குலுங்கிவிட்டு அப்படியே தண்ணீருக்குள் நடந்து போய்விடும். சத்தியமாக, அடியில் நடந்துதான் புழு தேடும்.

மூஸ் கடமான் கன்று ஈனுவது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும். தாயும் கன்றும் ஆற்றை நீந்திக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். படகிலிருந்து பார்க்க அழகு, தரையில் எதிரே வந்தால் கரடியைவிட மோசம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள்.

ஊருக்கு மேற்கே கருகிய மரங்கள் குச்சி குச்சியாக நிற்கும். 2019 ஜூனில் மின்னல் விழுந்து பற்றிய தீ, ஏறக்குறைய 1,67,000 ஏக்கரை எரித்தது. அந்தக் கோடையில் நெடுஞ்சாலையையே அவ்வப்போது மூடினார்கள். இப்போது அடியில் பச்சை வந்துவிட்டது.

கரடி?

இருக்கும். கருங்கரடி, பழுப்புக் கரடி இரண்டும். மீன் எங்கேயோ கரடி அங்கே.

இரண்டாவது வருடம் நடந்தது. கரையோரம் படகைக் கட்டிவிட்டு மூன்று பேர் நின்று எறிந்துகொண்டிருந்தோம். கீழ்ப்பக்கம் நாற்பது அடி தள்ளி புதர் அசைந்தது. வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை. “நரம்பைச் சுருட்டுங்கள், மீனை எடுங்கள், படகுக்குப் போங்கள்” என்று பஸ் நிறுத்தம் சொல்கிற மாதிரி சொன்னார். என் நண்பனின் தூண்டிலில் அப்போதுதான் ஒன்று மாட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. வழிகாட்டி கத்தியை எடுத்து நரம்பை அறுத்துவிட்டார். தண்ணீரில் துள்ளுகிற சத்தம் கரடிக்குச் சாப்பாட்டு மணி. ஒருமுறை மனிதனிடமிருந்து மீன் கிடைத்துவிட்டால் மறுபடி வரும், மறுபடி வந்தால் கடைசியில் சுடப்படுவது கரடிதான். படகில் ஏறித் திரும்பினால் நாங்கள் நின்ற கல்லின் மேல் பழுப்புக் கரடி, இரண்டு வயதுக் குட்டி ஒன்றுடன், தண்ணீரை முகர்ந்துகொண்டு நின்றது. குட்டி எங்களைப் பார்த்தது. தாய் பார்க்கவே இல்லை.

பிடித்த மீனையும் சாப்பாட்டுப் பையையும் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். கரடித் தெளிப்பான் இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, விமானம் இறங்குகிற ஆங்கரேஜ் நகரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா சைவம், மீன் பிடிப்பதைப் பார்க்கவே மாட்டார். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. தூண்டில் இல்லாமல் விலங்கு பார்க்க மட்டும் மிதக்கிற பயணம் தனியாக உண்டு. பெரிய ரப்பர் படகு, இரண்டு மூன்று மணி நேரம், உரிமமும் தேவையில்லை. என் மாமியார் போய்வந்தார். இறங்கியதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, தண்ணீரில் எதையாவது கலக்கிறார்களா என்பதுதான். பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் வருகிற நிறம் அது.

உரிமம், செலவு?

வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் 16 வயது ஆகிவிட்டால் உரிமம் வேண்டும். நான் கடைசியாக வாங்கியபோது ஒரு நாளுக்கு 15 டாலர், மூன்று நாளுக்கு 30, ஏழு நாளுக்கு 45. இணையத்திலேயே வாங்கலாம். வழிகாட்டிக் கட்டணத்தில் கம்பு, நீர்புகா காலணி எல்லாம் பெரும்பாலும் அடக்கம், உரிமம் அடக்கமில்லை. கடைசியில் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வழிகாட்டி கையில் கொடுப்பது அங்கத்திய வழக்கம். அதைக் கணக்கில் சேர்க்காமல் போய் விழிக்காதீர்கள்.

என்ன உடுத்திக்கொள்வது?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. கம்பளி, மேலே மழைச் சட்டை, தலையில் தொப்பி. கண்ணாடி கட்டாயம். கல்லில் சிக்கிய ஈயம் விடுபட்டால் முகத்துக்கு நேரே பறந்து வரும். கொசு உண்டு, மருந்து கொண்டுபோங்கள்.

நீர்புகா காலுடையின் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள். முதல் வருடம் அதைத் தளரவிட்டு வழுக்கி விழுந்தேன். தண்ணீர் தொடை வரை நிறைந்து கால் சிமெண்டு மூட்டை ஆகிவிட்டது. ஜூனிலும் அது பனி உருகிய தண்ணீர். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

எப்படிப் போவது?

ஆங்கரேஜில் கார் எடுத்தால் 160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கடல்நாக்கை ஒட்டியே போகிற சாலை, வழியில் நிறுத்திக்கொண்டே போவீர்கள், மூன்று மணி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பகல் பத்தொன்பது மணி நேரம் இருப்பதால் இருட்டுமுன் சேர வேண்டுமே என்ற கவலை இல்லை. தூங்கக் கண்கட்டு எடுத்துப்போங்கள்.

எத்தனை மீன் எடுக்கலாம்? எப்படிக் கொண்டுவருவது?

சாக்கை வழக்கமாக ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. மாறலாம் என்பதால் அறிவிப்பைப் பாருங்கள். பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விடுங்கள், அதில் சோம்பேறித்தனம் பட்டால் ருசி போய்விடும். துண்டம் போட்டு, காற்றை உறிஞ்சி, உறைய வைத்துப் பெட்டி கட்டித் தருகிற கடைகள் அந்த வட்டாரத்தில் உண்டு. விமானத்தில் சாதாரணப் பெட்டியாகவே ஏற்றலாம்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ப்புச் சால்மன் மாதிரி இதில் கொழுப்பு வழியாது. வஞ்சிரம் வறுக்கிற மாதிரி மொறுமொறுவென்று வறுத்தால் மரக்கட்டை. புளிக்குழம்பு கொதித்து, அடுப்பை அணைக்கப் போகிற நேரத்தில் துண்டைப் போட்டு மூடுங்கள், ஐந்து நிமிடம். கிளறினால் உதிர்ந்துவிடும், சட்டியைச் சுற்றி ஆட்டினால் போதும்.

மீனே கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா?

வராது. மூன்றாவது வருடம் ஜூன் 12, ஏழு மணி நேரம், நாலு பேர், ஒரு சாக்கைகூட இல்லை. வழிகாட்டி குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்து, “நேற்று வந்திருக்க வேண்டும்” என்றார். முந்தின நாள் வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று பிறகு விசாரித்தேன். நாளைக்கு வந்திருக்க வேண்டும் என்றாராம்.